மன்னார் வளைகுடாவின் விருந்தாளி இறால்கள்: முத்துச்சிப்பியிலிருந்து கண்ணாடித் தொட்டி வரை

விருந்தாளி இறால்கள் என்று இக்கட்டுரையில் குறிக்கப்படுபவை, வேறொரு கடல் உயிரின் உடலையே வீடாகக் கொண்டு வாழும் சிறிய இறால்கள் ஆகும். முத்துச்சிப்பி, பவளம், கடற்சாமந்தி, கடல் அட்டை, கடற்பஞ்சு ஆகியவற்றின் உள்ளேயோ மேலேயோ இவை வாழ்கின்றன. பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டரிலிருந்து நான்கு சென்டிமீட்டர் வரையே வளரும். உணவுக்காகப் பிடிக்கப்படும் இறால்களைப் போல இவற்றுக்குச் சந்தையில் விலை இருந்ததில்லை. ஆயினும் கடல்நீர் மீன்தொட்டி வளர்ப்பவர்களிடையே இன்று இவை மிகவும் விரும்பப்படுகின்றன.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள மன்னார் வளைகுடாக் கரை, இவ்விறால்களின் வாழிடங்கள் அனைத்தும் ஒருசேர அமைந்த பகுதியாகும். முத்துப் பார்கள், பவளத்திட்டுகள், கடற்புல் வெளிகள், மணல் தரைகள் ஆகியவை இங்கே அருகருகே உள்ளன. இக்கரையில் முத்தைத் தேடியவர்களும் சிப்பியைத் திறந்தவர்களும் பவளத்தை வெட்டியவர்களும் தம் வேலையினூடே இவ்விறால்களைக் கடந்து சென்றனர். இவற்றைப் பற்றிய அறிவு எப்படிச் சேர்ந்தது என்பதையும், இவற்றின் வாழ்வு எப்போதும் அவை குடியிருந்த உயிரின் விதியோடு பிணைந்தே இருந்தது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

இறாலும் ஓம்புயிரும்

ஓர் உயிருக்கு இடமோ உணவோ தரும் மற்றோர் உயிரை ஓம்புயிர் என்பர். இரண்டும் சேர்ந்து வாழ்வது கூட்டுயிர் வாழ்வு எனப்படும். இதில் இரு தரப்புக்கும் நன்மை இருக்கலாம். ஒரு தரப்புக்கு மட்டும் நன்மையும் மற்றதற்கு நன்மை தீமை இன்மையும் இருக்கலாம். ஒரு தரப்புக்குச் சிறிது இழப்பும் நேரலாம். விருந்தாளி இறால்களில் இம்மூன்று வகைகளையும் காணலாம்.

இரட்டை ஓட்டுச் சிப்பிகளுக்குள் வாழும் காங்கோடைட்டீசு, ஆங்கிசுட்டசு போன்ற பேரினங்களைச் சேர்ந்த இறால்கள் வழுவழுப்பான உடல் கொண்டவை. ஒரு சிப்பிக்குள் பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக ஓர் இணையே இருக்கும். சிப்பி தன் செவுள்களால் நீரை வடிகட்டும்போது சேரும் நுண்துகள்களும் வழுவழுப்பான சளியுமே இவற்றின் உணவு.

பவளக் கிளைகளுக்கிடையே வாழ்பவை மற்றொரு வகை. கொம்பு போல் கிளைக்கும் அக்ரோபோரா பவளத்தில் கோரல்லியோகாரிசு பேரின இறால்கள் வாழ்கின்றன. போசில்லோபோரா பவளத்தில் அல்பியசு லொட்டினி என்ற சொடுக்கு இறால் வாழ்கிறது. 1970-களில் பனாமா நாட்டின் பசிபிக் கரையில் பீட்டர் கிளின் என்ற ஆய்வாளர், பவளத்தைத் தின்ன வரும் முட்கிரீட நட்சத்திர மீனை இந்த இறாலும் உடன் வாழும் சிறு நண்டுகளும் சேர்ந்து விரட்டுவதைப் பதிவு செய்தார். இங்கே குடியிருப்பவர் வீட்டுக்குக் காவலாகவும் இருக்கிறார்.

கடற்சாமந்தியின் மேல் வாழ்பவற்றுள் நன்கு அறியப்பட்டது அன்சைலோகாரிசு பிரெவிகார்பாலிசு. கண்ணாடி போன்ற உடலில் வெண்திட்டுகளும், வாலில் கருவளையம் சூழ்ந்த செம்மஞ்சள் புள்ளிகளும் கொண்டது. பெண் ஆணைவிடப் பெரியது; வெண்திட்டுகளும் அதிகம். மணலில் விரிப்புப் போல் பரந்து கிடக்கும் இசுடைக்கோடாக்டைலா கடற்சாமந்திகள் இதன் வழக்கமான வீடு. மீனைக் கொட்டி முடக்கும் அக்கொடுக்குகள் இந்த இறாலை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் 1995இல் டாப்னி பாட்டின் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இவ்விறால் தன் ஓம்புயிரின் கொடுக்குகளையே கடித்துத் தின்பதுண்டு என்று காட்டியது. எனவே இவ்வுறவை முழு நட்பு என்று சொல்லிவிட முடியாது.

பழைய உலகின் காவல்காரன் கதை

சிப்பிக்குள் வாழும் சிற்றுயிரைப் பற்றிய குறிப்பு மிகப் பழமையானது. விசிறி போல் விரிந்து மணலில் நட்டுக்கொண்டு நிற்கும் பின்னா என்ற பெரிய சிப்பிக்குள் ஒரு சிறு இறாலோ நண்டோ காவலாக இருக்கும் என்றும், அது நீங்கினால் சிப்பி இறந்துவிடும் என்றும் கிரேக்க அறிஞர் அரிசுடாட்டில் எழுதினார். இரை உள்ளே வந்ததும் காவல்காரன் கிள்ளி அறிவிக்க, சிப்பி ஓட்டை மூடிக்கொள்ளும் என்று பின்னாளில் உரோம எழுத்தாளர் பிளினி அக்கதையை விரித்தார்.

டென்மார்க்கு அரசு அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் இருந்த பீட்டர் போர்சுகால் செங்கடலில் இத்தகைய இறாலைக் கண்டார். அவர் 1763இல் ஏமனில் இறந்துவிட்டதால், அவருடைய குறிப்புகளை உடன் சென்ற கார்சுடன் நீபூர் 1775இல் வெளியிட்டார். அதில் அந்த இறாலுக்குக் ‘கசுடோசு’ என்று பெயர் இடப்பட்டிருந்தது. இலத்தீனில் அதற்குக் காவல்காரன் என்று பொருள். இன்று அது ஆங்கிசுட்டசு கசுடோசு எனப்படுகிறது. காவல் கதை மெய்ப்பிக்கப்படவில்லை. பெயரில் மட்டும் நிலைத்துவிட்டது. முத்துச்சிப்பிக்குள் வாழும் காங்கோடைட்டீசு மெலியாக்ரினே என்ற இறாலை 1852இல் வில்லெம் பீட்டர்சு என்ற செருமானியர் கிழக்கு ஆப்பிரிக்கக் கடலிலிருந்து கிடைத்தவற்றைக் கொண்டு விவரித்தார்.

சலாபக் காலத்தில் காணப்படாத உயிர்

செங்கடலிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் இறால்களுக்குப் பெயர் சூட்டப்பட்டபோது, உலகின் பெரும் முத்துக் கரைகளில் ஒன்றான மன்னார் வளைகுடாவில் அவை எவர் ஏட்டிலும் இடம்பெறவில்லை. அதற்குக் காரணம் இங்கு முத்து எடுக்கப்பட்ட முறையே.

கொற்கையின் முத்துக்குளிப்பு பழங்காலத்திலேயே உலகறிந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூசு, கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. பாண்டியருக்குப் பின் போர்த்துக்கீசியரும், 1658 முதல் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் இம்முத்துப் பார்களின் மீது உரிமை கொண்டாடினர். குளித்தவர்கள் பெரும்பாலும் பரதவரும் முசுலிம்களும் ஆவர்.

முத்துக்குளிப்புக் காலம் சலாபம் எனப்பட்டது. குளிப்பவர் கல்லைக் காலில் பற்றி அடியில் இறங்கி, ஒரே மூச்சில் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளி மேலேறுவார். கரையில் வேலியிட்ட ‘கொட்டு’ என்ற இடத்தில் சிப்பிகள் பங்கிடப்பட்டன. பிரித்தானியர் ஆட்சியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்க்கும் என்பது வழக்கம். அரசுப் பங்கு ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் ஏலம் விடப்பட்டது.

ஏலம் எடுத்தவர் சிப்பிகளை ஒவ்வொன்றாகத் திறப்பதில்லை. அவற்றைக் குவித்துப் பல நாட்கள் அழுகவிடுவார். ஈக்களும் புழுக்களும் தசையைத் தின்று தீர்த்தபின் நீர்விட்டுக் கழுவி, அடியில் தங்கும் முத்துகளைப் பொறுக்குவர். இலங்கைப் பக்கத்தில் 1905இல் நடந்த ஒரே சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அச்சிப்பிகளில் குடியிருந்த இறால்களும் பட்டாணி நண்டுகளும் சிப்பியின் தசையோடு சேர்ந்தே அழுகிப் போயின. கோடிக்கணக்கான சிப்பிகள் மனிதர் கை வழியாகச் சென்றும், உள்ளே இருந்த சிறு உயிரைக் காணும் வாய்ப்பை அந்த முறையே இல்லாமல் செய்தது.

அருங்காட்சியகமும் அறிக்கைகளும்

உள்ளே இருந்ததை எடுத்துப் பார்க்கும் வேலை அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கியது. 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற எட்கர் தர்சுடன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழில்களைப் பற்றியும் கடல் உயிர்களைப் பற்றியும் 1890இல் ஒரு குறிப்பு நூல் வெளியிட்டார். அவர் இவ்வளைகுடாவில் சேகரித்த நண்டு, இறால் வகைகளைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஜே. ஆர். எண்டர்சன் ஆராய்ந்தார். இந்திய ஓட்டுடலிகளைப் பற்றிய அவருடைய பெரிய கட்டுரை 1893இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. தர்சுடனுக்குப் பின் எண்டர்சனே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார்.

அடுத்த பெரிய முயற்சி வளைகுடாவின் மறுகரையில் நடந்தது. முத்துப் பார்கள் பல ஆண்டுகள் விளைச்சலின்றிப் போவதன் காரணத்தை அறிய, இலங்கை அரசு லிவர்பூல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. எர்டுமனை அழைத்தது. அவர் 1902 தொடக்கத்தில் வந்து, ஜேம்சு ஆர்னெலின் துணையுடன் பார்களை ஆராய்ந்தார். அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் ராயல் சொசைட்டியால் வெளியிடப்பட்டது.

முத்து உருவாகக் காரணம் சிப்பியின் தசைக்குள் புகுந்து இறக்கும் நாடாப்புழுவின் இளம்பருவமே என்று எர்டுமனும் ஆர்னெலும் கருதினர். ஆகவே சிப்பிக்குள் வாழும் ஒவ்வோர் உயிரும் திடீரென முக்கியமாகிவிட்டது. சிப்பிகள் அழுகவிடப்படாமல் கத்தியால் திறக்கப்பட்டு, உள்ளிருப்பவை எண்ணப்பட்டன, நுண்ணோக்கியில் பார்க்கப்பட்டன. அறிக்கையின் துணைப் பகுதிகளில் ஜோசப் பியர்சன் 1905இல் இறால் முதலிய நீள்வால் ஓட்டுடலிகளைத் தொகுத்தார். பியர்சன் பின்னர் கொழும்பு அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். 1906இல் ஆர். டி. லாரி நண்டுகளை விவரித்தபோது, முத்துச்சிப்பிக்குள் வாழும் ஒரு பட்டாணி நண்டுக்கு அச்சிப்பியின் பெயரையே சூட்டினார்.

நாடாப்புழுக் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. முத்துப்பையை உண்டாக்குவது சிப்பியின் மேலுறைச் செல்களே என்பது தெளிவானது. எந்த அயற்பொருளோ காயமோ அச்செல்களைத் தசைக்குள் தள்ளினாலும் முத்து உருவாகலாம். முத்துப்பொருள் பூசி மூடப்பட்ட பட்டாணி நண்டுகளும் சிறு மீன்களும் உலகின் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. தவறிப்போன அக்கொள்கைக்கு ஒரு நல்ல விளைவும் உண்டு. இல்லாத காரணத்தைத் தேடியவர்கள், அதுவரை எவரும் பார்க்காத குடியிருப்பாளர்களைப் பதிவு செய்துவிட்டுப் போனார்கள்.

ஆர்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்து அதன் இயக்குநராக உயர்ந்தார். மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை ஆகியவற்றின் இந்திய முத்துக்குளிப்பைப் பற்றிய அவருடைய நூல் 1922இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கல்கத்தாவில் சிடான்லி கெம்பு, விருந்தாளி இறால்கள் பெரும்பாலும் அடங்கும் போன்டோனியினே என்ற பிரிவைப் பற்றி இந்திய அருங்காட்சியகப் பதிவேட்டில் நூற்றைம்பது பக்கங்களுக்கும் மேற்பட்ட கட்டுரை வெளியிட்டார். இந்தியக் கடல் இறால்களை அடையாளம் காண்பவர் இன்றும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. 1927இல் எப். எச். கிரேவ்லியின் பொறுப்பில் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட குருசடைத் தீவின் கரையோர உயிர்கள் பற்றிய தொகுதி, இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள அச்சிறு தீவைக் கடல் உயிரியல் மாணவர்களின் பயிற்சிக் களமாக்கியது.

சென்னைக் கடற்கரையின் மீன்காட்சியகம்

சாராயப் புட்டியில் இருந்த கடல் உயிரை உயிரோடு மக்கள் பார்க்கும் வாய்ப்பும் தர்சுடனின் முயற்சியால் வந்தது. சென்னை மெரினா கடற்கரையில் அவர் திட்டமிட்ட கடல் மீன்காட்சியகம் 1909இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய முதல் முயற்சி அது. 1919இல் அது மீன்வளத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு அச்சத்தால் மூடப்பட்டு, பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கடல்நீரைத் தொட்டியில் தேக்கி அதில் உயிர்களை வாழவைப்பது, ஆற்று மீனை வளர்ப்பதைவிடப் பன்மடங்கு கடினம் என்பதைத் தமிழகம் நடைமுறையில் கற்ற இடம் அதுவே. கடலுக்கு அருகில் இருந்ததால் புதிய நீரை எடுத்துக்கொள்ள முடிந்தது. கடலிலிருந்து தொலைவில் உள்ள வீட்டில் அதே உயிரை வளர்க்க இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் ஆயின.

தூத்துக்குடியில் சிப்பி வளர்ப்பு

தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பே கடைசியானது. அதன்பின் பார்களில் சிப்பி பெருகாததால் சலாபம் நடைபெறவில்லை. 1972இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் முத்து வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1973 ஜூலையில் கே. அழகர்சாமி முதல் உருண்டை வளர்ப்பு முத்தை வேப்பலோடை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1981இல் அதே நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வுக்கூடம் முத்துச்சிப்பியின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்வதில் வெற்றி பெற்றது.

இந்த வெற்றி இறாலுக்கானதல்ல. ஆயினும் இறால் வளர்ப்புக்கு வேண்டிய கைத்திறன் இங்கேதான் உருவானது. கடல்நீரைப் படியவைத்து வடிகட்டுதல், உப்பளவையும் வெப்பத்தையும் நிலையாக வைத்தல், கண்ணுக்குத் தெரியாத இளவுயிர்களுக்கு ஐசோகிரைசிசு போன்ற நுண்பாசியை வளர்த்து ஊட்டுதல், இறந்தவற்றை நீக்கி நீரை மாற்றுதல் ஆகியவை எல்லாக் கடற்பொரிப்பகங்களுக்கும் பொதுவான அடிப்படைகள்.

வளர்ப்புப் பண்ணையின் கண்ணோட்டம் முத்துக்குளிப்பவரின் கண்ணோட்டத்திலிருந்து ஒன்றில் மாறவில்லை. சிப்பியின் மேல் ஒட்டும் கொட்டலசு முதலியவை தொல்லையாகக் கருதப்பட்டுச் சுரண்டி எடுக்கப்பட்டன. தனிச்சிப்பியே செல்வம், அதைச் சார்ந்து வாழ்பவை கணக்கில் சேரவில்லை.

வீடு சரிந்த காலம்

முத்து நின்றுபோன அதே பத்தாண்டுகளில் பவளம் வெட்டுவது பெருகியது. கரையில் முருகைக்கல் என்று வழங்கும் பவளக்கல், கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கால்சியம் கார்பைடு தொழிலுக்கும் தூத்துக்குடித் தீவுகளிலிருந்து படகுபடகாக எடுக்கப்பட்டது. செத்த கல்லோடு உயிருள்ள பவளமும் பெயர்க்கப்பட்டது. ஒரு கொத்துப் பவளம் தோணியில் ஏறும்போது அதன் கிளைகளில் இருந்த இறால், நண்டு, சிறுமீன் எல்லாமே வெயிலில் காய்ந்து போயின.

அலையைத் தடுத்த பவளத்திட்டுகள் குறைந்ததால் தீவுகள் அரிக்கப்பட்டன. வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த விலங்குசல்லியும், கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. வான் தீவு மிகவும் சுருங்கியதால் அதைக் காக்க 2015 முதல் அதன் முன்பாகச் செயற்கைப் பாறைகள் அமைக்கப்பட்டன.

1986இல் இத்தீவுகளையும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் பரப்பையும் தமிழக அரசு கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. 2001இல் பாறை அமைக்கும் பவளங்கள் அனைத்தும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பாதுகாப்பும், மாற்றுத்தொழில் முயற்சிகளும் சேர்ந்து பவளம் வெட்டுவதை நிறுத்தின. தூத்துக்குடியில் 1998இல் நிறுவப்பட்ட சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளத்திட்டுகளைத் தொடர்ந்து கணக்கெடுத்தும் உடைந்த பவளத் துண்டுகளை நட்டு வளர்த்தும் வருகிறது.

வெட்டுதல் நின்றபின் வெப்பம் வந்தது. 2010இலும் 2016இலும் கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியதால் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன. 2016இல் அக்ரோபோரா, போசில்லோபோரா, மாண்டிபோரா ஆகிய விரைந்து வளரும் பவளங்களே மிகுதியாக இறந்தன. இவற்றில் முதல் இரண்டும் மேலே கூறப்பட்ட பவள இறால்களின் வீடுகள். உருண்டைப் பவளங்கள் தப்பினாலும், கிளைகளுக்கிடையே வாழப் பழகிய இறால் அங்கே குடியேற முடியாது.

கண்ணாடித் தொட்டியில்

விருந்தாளி இறால்களை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது மேல்நாடுகளில் 1970-களுக்குப் பின்னும், இந்திய நகரங்களில் அண்மைப் பத்தாண்டுகளிலும் பரவியது. சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகள் பெரும்பாலும் நன்னீர் மீனுக்கானவை என்றாலும், கடல்நீர்த் தொட்டிக்கான உயிர்களும் கருவிகளும் இன்று நகரங்களில் கிடைக்கின்றன. அதிகம் வளர்க்கப்படுபவை கடற்சாமந்தி இறால், வாலைத் தூக்கி ஆட்டும் தோர் பேரினச் சிற்றிறால், மீன்களின் உடலைத் துப்புரவு செய்யும் லிசுமாட்டா, சிடெனோபசு இறால்கள், கோபி மீனோடு ஒரே வளையில் வாழும் சொடுக்கு இறால் ஆகியவை. கண்பார்வை குறைந்த சொடுக்கு இறால் வளை தோண்ட, கோபி வாயிலில் நின்று காவல் காக்கும். இறால் தன் உணர்கொம்பை மீனின் மேல் வைத்தபடியே வெளியே வரும்.

இவ்வளர்ப்பின் நடைமுறைகள் பின்வருமாறு:

நீர்: உப்பளவு ஆயிரத்துக்கு 33 முதல் 35 பங்கு, வெப்பம் 25 முதல் 28 பாகை செல்சியசு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கக்கூடாது. தூத்துக்குடி உப்பள நகரம் என்பதால் உப்பளத்து உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. உப்பு படிகமாகும்போது மக்னீசியம் முதலிய பல தாதுக்கள் வடிநீரிலேயே தங்கிவிடுகின்றன. பாத்தியில் சேர்வது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. தொட்டிக்கென விற்கும் கலவை உப்பையோ, துறைமுகத்துக்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கும் தொலைவில் எடுத்து வடிகட்டிய கடல்நீரையோ பயன்படுத்த வேண்டும்.

வெப்பம்: குளிர்நாட்டு நூல்கள் ஹீட்டரைப் பற்றிப் பேசும். தென்தமிழகக் கோடையில் தேவைப்படுவது நீரைக் குளிர்விக்கும் விசிறியோ குளிர்விப்பானோ ஆகும்.

செம்பு: மீனின் வெண்புள்ளி நோய்க்கு ஊற்றும் செம்பு மருந்து இறாலைக் கொன்றுவிடும். நோயுற்ற மீனைத் தனித்தொட்டியில் வைத்தே மருந்திட வேண்டும்.

பழக்குதல்: புதிய இறாலை நேராகத் தொட்டியில் விடாமல், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்க வேண்டும். உப்பளவின் திடீர் மாற்றத்தை மீனைவிட இறால் குறைவாகவே தாங்கும்.

தோலுரித்தல்: சில வாரங்களுக்கு ஒருமுறை இறால் தன் ஓட்டைக் கழற்றும். வெற்று ஓட்டைக் கண்டு இறால் செத்துவிட்டதாகப் பலர் எண்ணுவதுண்டு. புதிய ஓடு கெட்டியாகும் வரை அது ஒளிந்திருக்க இடுக்குகள் வேண்டும்.

உடன்வாழ்வன: கிளாத்தி, தும்பிலி, சிங்கமீன் போன்ற ஊனுண்ணிகளோடு வைத்தால் இறால் இரையாகிவிடும்.

உணவு: ஆர்ட்டீமியாவோ பொடியாக நறுக்கிய இறால்தசையோ சிறிதளவு போதும். பசியோடு விடப்பட்ட கடற்சாமந்தி இறால் தன் வீட்டையே கடிக்கத் தொடங்கும்.

இவற்றுள் கடினமானது இறாலை வளர்ப்பதல்ல, அதன் ஓம்புயிரை வளர்ப்பதே. கடற்சாமந்தியின் தசைக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் வாழ்வதால் அதற்கு வலுவான ஒளி வேண்டும். ஒளி பிடிக்காவிட்டால் அது நகர்ந்து சென்று பம்பின் வாயில் சிக்கி மடியும். அழுகி மொத்தத் தொட்டியையும் நஞ்சாக்கும். பல மாதங்கள் ஓடி நிலைபெற்ற தொட்டியில் மட்டுமே அதை வைக்கலாம். ஊனுண்ணி மீன்கள் இல்லாத தொட்டியில் கடற்சாமந்தி இல்லாமலும் இவ்விறால் வாழும் என்பதால், தொடக்கநிலையினர் இறாலை மட்டும் வைத்துக்கொள்வதே இரு உயிர்களுக்கும் நல்லது.

பொரிப்பகத்தில் பிறந்த இறால்

பெண் இறால் முட்டைகளை வயிற்றின் அடியில் சுமந்து திரியும். பொரிந்த இளவுயிர்கள் பெற்றோரைப் போல ஓம்புயிரைத் தேடுவதில்லை. நீரில் மிதந்து பல பருவங்களைக் கடந்தபின்னரே தரையிறங்கும். கடற்சாமந்தி இறாலுக்கு இது சில வாரங்கள். துப்புரவு இறால்களில் சிலவற்றுக்குச் சில மாதங்கள். அந்நாட்களில் உணவும் நீரும் சற்றே பிசகினாலும் முழுத் தொகுதியும் இறந்துவிடும். உலகச் சந்தையில் விற்கும் துப்புரவு இறால்களில் பெரும்பங்கு இன்றும் பவளப்பாறையிலிருந்து பிடிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

தமிழகத்தில் இத்துறை மீனிலிருந்து தொடங்கியது. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் 2000-களில் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்தன. அடுத்த படி இலட்சத்தீவில் நிகழ்ந்தது. தேசிய மீன் மரபுவள வாரியம் அகத்தித் தீவில் கடல் அலங்கார முதுகெலும்பிலிகளுக்கான மையம் அமைத்து, தோர் ஐனானென்சிசு, அன்சைலோகாரிசு பிரெவிகார்பாலிசு ஆகிய இறால்களை இனப்பெருக்கம் செய்தது. குஞ்சுகளை வளர்த்துச் சந்தைக்கு ஆக்கித் தரும் பயிற்சி தீவுப் பெண்களுக்கு அளிக்கப்பட்டது. பாறையில் கைவைக்காமல் பாறை இறாலால் வருமானம் பெறும் வழி இந்தியாவில் அமைந்தது.

மன்னார் வளைகுடாவுக்கு இதன் பொருள்

கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள் உரிய அனுமதியின்றி எந்த உயிரையும் எடுப்பது குற்றமாகும். பூங்காவுக்கு வெளியிலும் பவளம் சட்டப் பாதுகாப்பு பெற்றது. பவளத்தை உடைத்து அதிலுள்ள இறாலை எடுப்பது அச்சட்டத்தை மீறுவதாகும். ஆகவே தொட்டி வளர்ப்பில் ஆர்வமுள்ளவர் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்த இறால் பொரிப்பகத்தில் பிறந்ததா, பாறையில் பிடித்ததா என்பதே.

தூத்துக்குடிக்குச் சிப்பிக் குஞ்சு பொரித்த அனுபவமும், கடல் ஆய்வு நிறுவனங்களும், மீன்வளக் கல்லூரியும், கடலை அறிந்த முன்னாள் முத்து, சங்கு குளிப்போர் குடும்பங்களும் உள்ளன. அகத்தியில் செய்ததை இக்கரையிலும் செய்ய வேண்டிய அடிப்படை இங்கே உண்டு. ஆனால் பொரிப்பகம் இறாலைத்தான் பெருக்கும். அது வாழும் பவளத்தையும் கடற்சாமந்தியையும் சிப்பிப் பாரையும் உருவாக்கித் தராது. சலாபக் காலத்தில் சிப்பியோடும், காளவாய்க் காலத்தில் பவளத்தோடும் இவ்விறால்கள் எண்ணப்படாமலே அழிந்தன. இன்று தீவுகளைச் சுற்றி மீண்டும் நடப்படும் பவளக் கிளைகளில் இறால்கள் தாமே வந்து குடியேறினால், அந்தக் கிளை வெறும் கல்லாக இல்லாமல் வீடாகிவிட்டது என்று பொருள். பவள மீட்பின் பயனைக் கணக்கிடும்போது கிளையின் நீளத்தோடு அதில் வாழும் இறால்களையும் எண்ணுவது பொருத்தமாகும்.